மின்விசிறி நின்றால் யாரும் எழுவதில்லை

எங்கள் தெருவில் இந்தச் செய்தி இப்போது இரண்டு வடிவங்களில் உலவுகிறது. மாடியில் குடியிருக்கும் பெண்ணை மின்சாரம் பாய்ச்சி எழுப்புகிறோம் என்பது ஒன்று. அவளுடைய அறையில் கேமரா வைத்துக் கீழேயிருந்து பார்க்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையல்ல. ஆகையால் நான் நேரில் கண்டதையும், நான் காணாதவற்றில் குறைந்தது இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை, அது எவ்வளவு சுவையாக இருந்தாலும், விட்டுவிட்டேன். பெயர்கள் வேண்டா என்று மாடிப் பெண் கேட்டுக்கொண்டாள், அவையும் இல்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. என் கணவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். நான் சென்னையிலுள்ள ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடி அச்சுப்படி திருத்திக் கொடுக்கிறேன். மாடியில் ஓர் அறையும் சிறு சமையலறையும் உண்டு. அவற்றை வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

எல்லாம் தண்ணீர் மோட்டாரில் தொடங்கியது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், தொட்டி நிரம்பி மாடிச் சுவரெல்லாம் வழிவதும் எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தன. தொலைபேசியிலிருந்தே போட்டு அணைக்கக்கூடிய, விலை குறைந்த ஸ்மார்ட் பிளக் ஒன்றைக் கணவர் வாங்கினார். மோட்டாரின் சுமையை அது தாங்காது என்பதால் இடையில் கான்டாக்டர் என்னும் பெருஞ்சுமை தாங்கும் சுவிட்சு ஒன்றைப் பொருத்தினார். தொட்டியில் நீர்மட்டம் காட்டும் சென்சார் ஏறியது. பிறகு வாசல் விளக்கு, பிறகு கூடத்து விளக்கு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்துச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் ஒரு தனிச் செயலி. இணையம் நின்றால் வாசல் விளக்கைக்கூட எரியவைக்க முடியவில்லை. விளக்கு இங்கே இருக்க, அதற்கான உத்தரவு எங்கோ தொலைதூரத்துக் கணினிக்குப் போய்த் திரும்பிவந்ததே காரணம். ஆகவே அவர், ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சிறு கணினி ஒன்றை வாங்கி, விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளை அதில் ஏற்றி, குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தார். வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும் பிளக்குகளை மட்டும் அதன்பின் தேடி வாங்கினார். எல்லாம் ஒரே திரையில் வந்தன.

“மோட்டார் ஓடுது, மூணு லைட்டு எரியுது. இதுக்கு ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கணுமா?” என்று நான் கேட்டேன்.

“லைன்ல கன்ட்ரோல் பேனல் கீதுல்ல, அந்த மாரி. வூட்ல எல்லாம் இத்த கேட்டுகினுதான் வேலை செய்யும்.”

“நானுமா?”

“நீ மட்டும் கனெக்ட் ஆவ மாட்டன்ற.”

மாடியில் அப்போது தூத்துக்குடிப் பக்கத்து அக்காளும் தங்கையும் குடியிருந்தனர். அக்காள் ஒரகடத்தில் மின்கம்பிப் பின்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசிப் பாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் வரிசையில் இருந்தாள். நேரே முகம் பார்த்து நிறுத்திப் பேசினால் உதட்டசைவிலிருந்து பெரும்பாலும் புரிந்துகொள்வாள். அக்காளிடம் கைச்சைகை, எங்களிடம் தொலைபேசியில் தட்டச்சிட்டுக் காட்டுவது. அவள் எழுதும் வாக்கியங்கள் குறுகியவை. அவற்றில் பணிவு குறைவு.

வாரம் ஒருமுறை ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு வாரத்தில் தொழிற்சாலைப் பேருந்து விடியுமுன் கூட்டு ரோட்டுக்கு வந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. அந்நேரத்தில் ஷேர் ஆட்டோவும் கிடைக்காது. தலையணைக்கடியில் அதிரும் தொலைபேசியைத் தங்கை பலமுறை முயன்று பார்த்துவிட்டாள். அது உறக்கத்தில் நழுவிப் பாய்க்கு வெளியே போய் அதிர்ந்துகொண்டிருக்கும். ஆகவே அக்காள்தான் எழுப்புவாள். கூப்பிட்டுப் பயனில்லை; தோளைத் தொட்டால் கை எழுந்து அடிக்கும். காலின் பெருவிரலைப் பிடித்து இழுப்பது ஒன்றே வழி என்று அக்காள் கண்டுபிடித்திருந்தாள்.

அக்காளுக்கு வாலாஜாபாத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் ஒருவரோடு திருமணம் நிச்சயமாயிற்று. தங்கைக்கு அது வேறு செய்தியாக வந்தது. அக்காள் போனபின் தங்கை தனியாக இருக்க வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று தந்தை காணொலி அழைப்பில் சொல்லிவிட்டார். நிறுவனத்து விடுதியில் அவள் முன்பே சில மாதங்கள் இருந்தவள், மறுபடியும் போவதாயில்லை. காரணம் கேட்டபோது, “அங்கே எல்லோரும் எனக்குப் பதிலாகப் பேசுவார்கள்” என்று தட்டச்சிட்டுக் காட்டினாள். போதாக்குறைக்கு, முன்பு பேருந்தைத் தவறவிட்டு வேலைக்குப் போகாதிருந்ததற்காக ஒப்பந்தக்காரரின் ஆள் எச்சரித்திருந்தான்: இன்னொரு முறை வராமல் நின்றால் ஒப்பந்தம் நீளாது. அறை, வேலை இரண்டும் அவள் தானாக எழுவதைப் பொறுத்திருந்தன.

ஒருநாள் இருவரும் கீழே வந்தார்கள்.

“அண்ணே, மோட்டாரு தானா ஓடி தானா நிக்குதுல்லா. அதே மாதிரி இவளயும் தானா எழுப்ப முடியுமா?” என்றாள் அக்காள்.

“மோட்டாருக்கு, தொட்டி காலின்னு சென்சார் சொல்லும்மா. இதுக்கு இன்னா சொல்லும்?”

தங்கை அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை நீட்டினாள்: “எனக்குத் தொட்டி இல்லை. பஸ் இருக்கிறது.”

முதலில் விளக்கைக் கொண்டு முயன்றார்கள். அறையின் விளக்கைக் கழற்றி ஸ்மார்ட் பல்பு ஒன்றை மாட்டி, குறித்த நேரத்தில் அது பளிச்சிட்டு மங்கி மீண்டும் பளிச்சிடுமாறு கணவர் அமைத்தார். அக்காள் எழுப்பக்கூடாது என்பது ஏற்பாடு. ஷிப்டு மாறிமாறி வேலை செய்பவர்கள் பகல் வெளிச்சத்தில் உறங்கப் பழகியவர்கள். துப்பட்டாவை மடித்துக் கண்மேல் கட்டிக்கொண்டுதான் படுப்பார்கள். இரவிலும் அப்பழக்கம் விடுவதில்லை. அதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசி நிமிடத்தில் அக்காள் பெருவிரலை இழுத்தாள்.

“அது வெட்டுன வெட்டுல எனக்குத்தாங்க்கா கண்ணு போச்சு,” என்று அக்காள் என்னிடம் சொன்னாள். “இவ பார்சல் கணக்கா மூஞ்சியக் கட்டிக்கிட்டுக் கெடக்கா.”

அடுத்தது மின்விசிறி. அது என் கணவரின் சொந்த எண்ணம். அதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

“ஃபேன் நின்னா எவன் தூங்குவான்? வேர்வையும் கொசுவும் சேர்ந்து தூக்கி உக்கார வெச்சிடும்.”

சுவிட்சுப் பலகையைத் திறந்து உள்ளே தீப்பெட்டியளவு ரிலே என்னும் தானியங்கிச் சுவிட்சு ஒன்றைப் பொருத்தினார். அதுவும் கணினித் திரையில் வந்தது. சோதனைக்கு நானே மேலே போய்ப் பார்த்தேன். கீழே அவர் விரல் பட்டதும் மேலே விசிறி நின்றது. அக்காளுக்கு அவ்வாரம் அதே முதல் ஷிப்டு. கை வைக்கவே கூடாது என்று அவளிடம் மீண்டும் சொல்லிவைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் நான் பால் எடுக்க வாசலுக்கு வந்தபோது மாடியில் அரவமே இல்லை. கூட்டு ரோட்டுப் பக்கம் பேருந்தின் ஒலிப்பான் கேட்டு அடங்கியது. நான் படியேறிக் கதவைத் தட்டினேன். அக்காள் கதவைத் திறந்தாள். ஒரு கையில் நாட்காட்டியின் பின்னட்டை, அதனால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“கரண்டு போயிட்டுக்கா,” என்றாள். “எப்பம் வரும்?”

“கரண்டு இருக்கு.”

“இல்லக்கா, ஃபேனு நின்னு எவ்வளவோ நேரமாச்சு. நானும் இப்பம் வரும் இப்பம் வரும்னு படுத்தே கெடக்கேன்.”

அவளுக்குப் பின்னால் தெருவிளக்கின் ஒளி சன்னல் வழியே விழுந்து, தரையில் புரண்டு கிடந்த தங்கையின் மேல் படிந்திருந்தது. நான் அந்த விளக்கைக் காட்டினேன். அக்காள் அதைப் பார்த்தாள். கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தங்கையும் அரைகுறையாக விழித்திருக்கிறாள். கையை உயர்த்திக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் பாயைவிட்டு நகர்ந்து குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பின்னர் இருவரும் இதைச் சொன்னார்கள்; இரண்டும் ஒத்திருந்தன. எங்கள் பக்கத்தில் விசிறி நின்றால் மின்சாரம் போயிற்று என்று பொருள். மின்சாரம் போனால் யாரும் எழுந்திருப்பதில்லை, வரும்வரை படுத்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் செய்துவருகிறேன். கணவரும் அப்படித்தான். ஆயினும் அன்றுவரை எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கணவர் தங்கையைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை வாயில்வரை கொண்டுபோய் விட்டார். தாமதம் என்று பதிவாயிற்று. வரவில்லை என்று பதிவாகவில்லை. அவருடைய ஷிப்டுக்கு அவர் தாமதமானார். அக்காள் அன்று போகவேயில்லை.

மாலையில் எல்லோரும் எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தோம். கணவர், “ஃபேன் நின்னே எந்திரிக்கலன்னா மனுசன் வேற எதுக்குத்தான் எந்திரிப்பான்?” என்றார்.

“கறிக்கொழம்புக்கு,” என்றாள் அக்காள்.

தங்கை தட்டச்சிட்டாள்: “ஃபேன் நிற்பது பழகியது. பழகாதது வேண்டும்.” பிறகு காலை நீட்டித் தன் பெருவிரலைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினாள்.

காது கேளாதோரை எழுப்பப் படுக்கையை உலுக்கும் கருவிகள் உண்டு. அவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதே வேலையைச் செய்யக்கூடியது முதுகுவலிக்குப் பயன்படுத்தும் மசாஜர் என்று கணவருக்குத் தோன்றியது. பாய்க்குப் பதிலாக மெல்லிய மெத்தை ஒன்றை விரித்து, அதற்கடியில் அதை வைத்து, ஸ்மார்ட் பிளக்கில் சொருகிவிட்டால், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு சிக்கல் இருந்தது. அண்மைக்காலத்து மசாஜர்கள் தொட்டால் இயங்குபவை. மின்சாரம் வந்தாலும் யாரேனும் தொடட்டும் என்று காத்திருக்கும். தள்ளிவைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் பழைய சுவிட்சு உள்ளது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் தங்கையும் ஸ்ரீபெரும்புதூர் போனோம். தேரடிக்கு அருகில் வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கடை.

“யாருக்கு சார் வலி? மேடத்துக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“வலி யாருக்கும் இல்ல. ஓடிகினு இருக்கறப்ப பிளக்க புடுங்கி, திரும்ப சொருகுனா அதுவா ஓடணும். அது மாரி ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எடுத்துக்கொடுக்கக் கொடுக்க, கணவர் ஒவ்வொன்றையும் சொருகி, ஓடவிட்டு, பிடுங்கி, மறுபடி சொருகினார். ஒன்றும் மறுபடி ஓடவில்லை.

“வாங்கறதுக்கு மின்னாடியே இத்தினி தபா புடுங்கறீங்க. வாங்கிகினு போனா அது கதி இன்னா சார்?”

“ஓடிச்சின்னா வாங்கிக்கிறேன். ஓட மாட்டன்றதே.”

கடைசியில் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டியொன்று இறங்கியது. அதில் தள்ளும் சுவிட்சு இருந்தது. தங்கை முன்னால் வந்து அதை வாங்கி மேசையின் ஒரு கோடியில் வைத்தாள். தான் மறுகோடிக்குப் போய் உள்ளங்கையை மேசையில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். தனக்குத் தெரியாமல் சொருகும்படி முன்பே சைகை காட்டியிருந்தாள். கணவர் சொருகிய கணத்தில் அவள் மற்றொரு கையை உயர்த்தினாள். பிடுங்கியபோது இறக்கினாள். கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில், “தங்கச்சி பேசாதா?” என்றார்.

கண்ணைத் திறந்திருந்த அவள் அதைக் கண்டுகொண்டாள். தொலைபேசி நீண்டது: “பேசினால் விலையைக் குறைப்பீர்களா?”

கடைக்காரர் உரக்கச் சிரித்தார். குறைத்தாரா என்பது எனக்குத் தெரியும், குறைக்கவில்லை.

வீட்டில் இரண்டு வேலைகள் மீதமிருந்தன. எழுப்பும் நேரத்தில் உண்மையாகவே மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது ஒன்று. எங்கள் விளக்குகளுக்கு மட்டும் வைத்திருந்த சிறு இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்குத் தனிக் கம்பி இழுத்து அந்த ஒரு பிளக்குக்கும், கீழே கணினிக்கும் வைஃபைக்கும் இணைப்புக் கொடுத்தார். மற்றொன்று பிளக்கின் குணம். இவ்வகை மலிவுப் பிளக்குகளில் சில, நின்ற மின்சாரம் திரும்பியதும் யாரும் சொல்லாமலே இயங்கத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் அணைந்தே இருக்கவேண்டும் என்று அதன் அமைப்பை மாற்றினார். அதைக் கணினியில் செய்ய முடியவில்லை. அதற்காக மட்டும் அந்த நிறுவனத்தின் பழைய செயலியை மறுபடியும் இறக்க வேண்டியிருந்தது.

அடுத்த முதல் ஷிப்டு வாரத்தில் தங்கை எல்லா நாளும் பேருந்தைப் பிடித்தாள்.

“எழுப்புததுன்னா எழுப்புதது இல்லக்கா,” என்றாள் அக்காள். “பக்கத்துல படுத்த எனக்கே பல்லு ஆடிட்டு. பஸ்ஸு ரூமுக்குள்ளேயே வந்துட்டுன்னு நெனச்சேன்.”

திருமணத்துக்குச் சில நாள் முன்பு தந்தை அழைப்பிதழ் கொடுக்க வந்தார். மாடிக்குப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். கையை வைத்து அதிர்வையும் பார்த்தார். கீழே வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

“மிஷினு நல்லாத்தான் குலுக்குது,” என்றார். “ஆனா அவ எந்திரிச்சாளா இல்லயான்னு எனக்கு எப்படித் தெரியும்? நா அங்கன கெடக்கேன். அவ போன் போட்டுப் பேச முடியுமா?”

கணவர் இதை எதிர்பார்த்திருந்தார். மாடிக் கதவில் சிறு சென்சார் ஒன்றை அன்று காலையே ஒட்டியிருந்தார். கதவு திறந்தால் தந்தைக்கும் அக்காளுக்கும் செய்தி போகும். அதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது தங்கை அக்காளிடம் ஏதோ சைகை காட்டிக் கேட்டாள். அக்காள் பதில் காட்டினாள். தங்கை எழுந்து மாடிக்குப் போனாள். திரும்பிவந்தபோது சென்சார் அவள் உள்ளங்கையில் இருந்தது. அதன் ஒட்டுநாடாவில் கதவின் வண்ணப்பூச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை மேசைமேல் என் கணவருக்கு எதிரே வைத்துவிட்டுத் தட்டச்சிட்டாள்.

“நான் மோட்டார் இல்லை.”

கணவர் அதைப் படித்துவிட்டு, “தப்புதாம்மா, உன்ன கேட்டிருக்கணும்,” என்றார். அவள் உதட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“என்னன்னு சொல்லுதா?” என்று தந்தை கேட்டார். அவருக்கு எழுத்துச் சிறியதாக இருந்தது. அக்காள் சொன்னாள். அவர் சென்சாரை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு, “அப்பம் அவளயே கேளு, எப்படித் தெரியப்படுத்துவான்னு,” என்றார்.

தங்கை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கணவர் அழைப்புமணிக்கென்று வாங்கிப் பொருத்தாமல் வைத்திருந்த பொத்தான் ஒன்று கணினிக்கு அருகில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள். “நான் அழுத்தினால் தெரியட்டும். கதவு சொல்ல வேண்டாம்.” எங்கள் சமையலறையில் ஒரு சிறு விளக்கு, மாடியில் அந்தப் பொத்தான். அவள் எழுந்து அழுத்தினால் கீழே விளக்கு எரியும். அவ்வளவே.

“எரியலன்னா?” என்று தந்தை என்னைக் கேட்டார்.

“நான் மேலே போய்ப் பார்ப்பேன்.”

“பாப்போம்,” என்றார். சரி என்று அவர் சொல்லவில்லை.

திருமணம் வாலாஜாபாத்தில் நடந்தது. தந்தை ஊருக்குத் திரும்பினார். தங்கை மாடிக்குத் திரும்பினாள். முதல் ஷிப்டு வாரம் வந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. படிகளில் அவளுடைய காலடி இறங்கியது. கூட்டு ரோட்டுப் பக்கம் பேருந்து ஒலித்தது. வாலாஜாபாத்திலிருந்து அக்காள் அழைப்பாள்.

“வெளக்கு எரிஞ்சுதாக்கா?”

“எரிஞ்சுது.”

“எங்க வீட்டுக்காரரு என்னய எழுப்புததுக்கு அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கச் சொல்லுதாரு.”

முதலில் நாள்தோறும் அழைத்தாள். பின்னர் ஷிப்டு மாறும் அன்று மட்டும். இப்போது வேறு செய்திகளுக்காக அழைக்கிறாள். விளக்கைப் பற்றி எப்போதேனும் கேட்கிறாள்.

ஒருநாள் விளக்கு எரியவில்லை. பால் பொங்கும்வரை பார்த்திருந்துவிட்டு மேலே போனேன். கதவில் வெளிப்பூட்டுத் தொங்கியது. நான் இறங்குவதற்குள் தொலைபேசியில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது: பேருந்தின் உட்புறம், முன்னிருக்கையில் உறங்கும் யாரோ ஒருத்தியின் கொண்டை. சொல் எதுவும் இல்லை. மாலையில் பொத்தானின் மின்கலம் தீர்ந்துவிட்டதோ என்று கணவர் போய்ப் பார்த்தார். தீரவில்லை. மறந்துவிட்டாயா என்று நான் கேட்டேன். அவள் சமையலறை விளக்கைச் சுட்டினாள், என்னைச் சுட்டினாள், நான் படியேறியதை இரு விரல்களால் நடந்து காட்டினாள், சிரித்தாள். அதை விடையென்று என்னால் எழுத முடியவில்லை.

அதன்பின் சில நாள் விளக்கு எரிகிறது; சில நாள் எரிவதில்லை. நான் மேலே போவதை நிறுத்திவிட்டேன். பூட்டு தொங்குவதைக் கீழேயிருந்தே பார்க்க முடிகிறது. அவளுடைய ஒப்பந்தம் நீண்டிருக்கிறது. இதை அவளும் அக்காளும் தனித்தனியே சொன்னார்கள்.

தெரியாதவை இவை. தந்தை அவள் தனியாக இருப்பதற்குச் சம்மதித்துவிட்டாரா, அல்லது கேட்பதை மட்டும் விட்டுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. மெத்தையின் அதிர்வு இன்றும் அவளை எழுப்புகிறதா, அதற்கு முன்பே அவள் விழித்துவிடுகிறாளா என்பதும் தெரியாது. கணினியின் பதிவில் பிளக் இயங்கியதும் அணைந்ததும் மட்டுமே இருக்கின்றன. அந்நேரத்தில் மெத்தையின்மேல் யாரேனும் இருந்தார்களா என்பது அதில் இல்லை.